ஒரு விரல் குறைகிறது

(வாசகர் கூட்டம் ஒன்றில் ஆற்றிய சொற்பொழிவின் அச்சு வடிவம்)



2023 டிசம்பரில் பிரிட்டன் இளவரசர் வில்லியமின் குடும்பம் அந்த ஆண்டுக்கான கிறிஸ்துமஸ் வாழ்த்துப் படத்தை வெளியிட்டது. கறுப்பு வெள்ளைப் படம். எடுத்தவர் ஜோஷ் ஷின்னர். ஐந்து பேருக்கும் வெள்ளைச் சட்டை. மகுடம், பதக்கம், பட்டுச்சால்வை எதுவும் கிடையாது. நாற்காலியில் மகள் ஷார்லட் உட்கார்ந்திருக்க, அப்பா, அம்மா, அண்ணன் ஜார்ஜ், தம்பி லூயி நால்வரும் அவளைச் சுற்றி நிற்கிறார்கள். பின்னால் வெறும் திரை. ஒரு கிறிஸ்துமஸ் மரம்கூட வைக்கவில்லை. அரச குடும்பம் என்று சொல்லாவிட்டால், ஊரில் வசதியான ஒரு வீட்டார் ஸ்டூடியோவுக்குப் போய் எடுத்துக்கொண்ட படம் என்று நினைத்துக்கொள்ளலாம்.

படம் வந்த சூட்டோடு ஒரு கேள்வியும் வந்தது. நாற்காலியைப் பிடித்திருக்கும் குட்டி லூயியின் கையில் நடுவிரலைக் காணோமே?

கையை மட்டும் வெட்டிப் பெரிதாக்கி அனுப்பிக்கொண்டார்கள். பையன் விரலை மடக்கியிருக்கிறான், அவ்வளவுதான் என்று சமாதானம் சொன்னவர்கள் உண்டு. கணினியில் படத்தைத் திருத்தும்போது விரல் காணாமல் போய்விட்டது என்று அடித்துச் சொன்னவர்கள் அதைவிட அதிகம். அம்மாவின் புன்னகை, அண்ணன் வளர்ந்துவிட்ட உயரம் எல்லாம் படத்தில் இருந்தன. உலகம் எண்ணியது அந்த ஐந்து வயதுப் பையனின் விரல்களை.

நம் வீட்டுக் கல்யாண ஆல்பம் வந்ததும் என்ன நடக்கிறது? பொண்ணும் மாப்பிள்ளையும் நன்றாக இருக்கிறார்களா என்பது முதல் இரண்டு பக்கத்தோடு முடிந்துவிடும். அப்புறம் விசாரணைக் கமிஷன் உட்காரும். "குரூப் போட்டோவில பெரிய மாமா ஏன் இல்லை? பந்திக்குப் போயிட்டாரா, கோவிச்சுக்கிட்டுப் போயிட்டாரா?" குடும்பப் படம் என்பது ஒரு வருகைப் பதிவேடு. யார் இருக்கிறார்கள் என்பது எல்லோருக்கும் தெரிந்த சங்கதி. யார் இல்லை என்பதில்தான் கதை இருக்கிறது. பிரபலங்களின் வாழ்த்து அட்டைக்குப் பொதுமக்கள் காட்டும் எதிர்வினைகளை ஒரு இருபது முப்பது எடுத்து வைத்துப் பார்த்தால், முக்கால்வாசி இந்தப் பெரிய மாமா விசாரணைதான். அந்த விசாரணை சில சமயம் வெறும் வம்பு. சில சமயம் கொடுமை. ஒன்றிரண்டு சமயங்களில் அதைவிட நியாயமான கேள்வி கிடையாது என்று தோன்றும்.

முதல் அட்டையிலிருந்தே வருவோம். இந்த வழக்கத்துக்கு ஒரு பிறந்த வருடம் இருக்கிறது: 1843. லண்டனில் ஹென்றி கோல் என்று ஒரு அரசு அதிகாரி. பின்னாளில் 1851 மாபெரும் கண்காட்சியை நடத்தியதில் முன்னின்றவர், இன்றைய விக்டோரியா ஆல்பர்ட் அருங்காட்சியகத்தின் முதல் இயக்குநர். 1840-இல் ஒரு பென்னி அஞ்சல் வந்ததும் ஆளாளுக்குக் கடிதம் எழுதத் தொடங்கிவிட்டார்கள். கிறிஸ்துமஸ் நேரத்தில் கோலின் மேசையில் பதில் எழுதப்படாத கடிதங்கள் குவிந்தன. எழுதி மாளாது என்று கண்ட மனிதர், ஓவியர் ஜான் கால்கட் ஹார்ஸ்லியைக் கூப்பிட்டு ஓர் அட்டை வரையச் சொன்னார். கல்லச்சில் அடித்து, கையால் வண்ணம் தீட்டினார்கள். தனக்குப் போக மிஞ்சியதை விற்பனைக்கும் விட்டார். விலை ஒரு ஷில்லிங். கடிதம் அனுப்ப ஒரு பென்னி போதும் என்ற காலத்தில் பன்னிரண்டு பென்னி கொடுத்து ஓர் அட்டை!

அந்த அட்டையைக் கொஞ்சம் பக்கத்தில் வைத்துப் பார்க்க வேண்டும். மூன்று பகுதிகள். இரு ஓரங்களிலும் ஏழைக்குச் சோறு போடுகிறார்கள், துணி கொடுக்கிறார்கள். நடுவில் திராட்சைக் கொடி படர்ந்த பந்தலின் கீழ் ஒரு பெரிய குடும்பம், பாட்டி தாத்தா முதல் பேரக்குழந்தைகள் வரை மேசையைச் சுற்றி உட்கார்ந்து, அட்டையைக் கையில் வைத்திருப்பவரை நோக்கியே மதுக் கிண்ணத்தை உயர்த்துகிறது. அந்தக் கூட்டத்துக்கு நடுவே, ஒரு பெண் தன்னோடு ஒட்டி நிற்கும் சின்னக் குழந்தையின் வாயில் கிண்ணத்தை வைத்துப் புகட்டுகிறாள்.

பிடித்துக்கொண்டார்கள். மதுவிலக்கு இயக்கம் இங்கிலாந்தில் வேகம் பிடித்திருந்த காலம் அது. ஓரங்களில் சோறு போடும் தர்மவான்கள் கண்ணில் படவில்லை. குழந்தைக்குச் சாராயம் கொடுக்கும் குடும்பத்தை வாழ்த்து என்று விற்பதா என்று கண்டனம் எழுந்தது. உலகின் முதல் கிறிஸ்துமஸ் அட்டையும், அதற்கு வந்த முதல் கண்டனமும் கிட்டத்தட்ட இரட்டைப் பிள்ளைகள்.

போகிற போக்கில் ஒன்று. ஒழுக்கக்கேட்டைப் பரப்பினார் என்று பழி சுமந்த அதே ஹார்ஸ்லி, 1885 வாக்கில், ஓவியர்கள் நிர்வாண மாடல்களை வைத்து வரையக்கூடாது என்று கொடி பிடித்தார். கேலிக்காரர்கள் துணி காயப்போடும் சட்டத்தின் ஆங்கிலப் பெயரோடு அவர் பெயரைக் கோத்து 'குளோத்ஸ் ஹார்ஸ்லி' என்று பட்டம் கட்டிவிட்டார்கள். விமர்சனம் வாங்கியவர் விமர்சகராவதற்கு நாற்பது வருடம் போதும்.

அடுத்து வருவது இந்தக் கதையில் மிகவும் ருசியான பகுதி. 1848-இல் 'இல்லஸ்ட்ரேட்டட் லண்டன் நியூஸ்' தன் கிறிஸ்துமஸ் மலரில் ஒரு படம் போட்டது. விண்ட்சர் கோட்டையில் விக்டோரியா ராணி, கணவர் ஆல்பர்ட், குழந்தைகள் எல்லோரும் மேசைமேல் நிற்கும் ஓர் அலங்கார மரத்தைச் சுற்றி நிற்கிறார்கள். கிறிஸ்துமஸ் மரம் இங்கிலாந்தின் நடுத்தர வீடுகளுக்குள் புகுந்ததில் அந்தப் படத்துக்குப் பெரிய பங்கு உண்டு. இரண்டு வருடம் கழித்து, 1850 டிசம்பரில், அமெரிக்காவில் ஃபிலடெல்ஃபியாவிலிருந்து வந்த 'கோடீஸ் லேடீஸ் புக்' என்ற பெண்கள் பத்திரிகை அதே படத்தை எடுத்துப் போட்டது. சின்ன மாற்றத்தோடு. ராணியின் தலையிலிருந்த சிறு மகுடம் போய்விட்டது. ஆல்பர்ட்டின் மீசை மழிக்கப்பட்டுவிட்டது. அவர் மார்பில் இருந்த அரச அடையாளங்களும் காணோம். மீதி எல்லாம் அப்படியே: அதே மரம், அதே மேசை, அதே பிள்ளைகள். அரசரை விரட்டிவிட்டுக் குடியரசான நாட்டில் மாட்டி வைக்க, அரச குடும்பம் சாதாரண அமெரிக்கக் குடும்பமாக்கப்பட்டது. ஆயிரக்கணக்கான அமெரிக்க வீடுகளில் அதைப் பார்த்து மரம் வைத்தார்கள். ஃபோட்டோஷாப்புக்கு ஏறத்தாழ ஒன்றரை நூற்றாண்டு முன்னால், ஒரு பிரபலக் குடும்பத்தின் கிறிஸ்துமஸ் படத்தைத் திருத்தியாயிற்று. அன்று பெரிதாக்கிப் பார்க்க யாருக்கும் வழியில்லை. ஒப்பிட்டுப் பார்க்க மூலப்படம் அட்லாண்டிக்குக்கு அந்தப் பக்கம் இருந்தது.

ஓவியம் போய்ப் புகைப்படம் வந்தது. 1860-இல் ஜே.ஈ. மேயால் எடுத்த அரச குடும்பப் படங்கள் உள்ளங்கை அளவு அட்டைகளாக விற்பனைக்கு வந்தன. பொதுமக்கள் வாங்கித் தங்கள் சொந்த ஆல்பத்தில், அத்தை படத்துக்கும் மாமா படத்துக்கும் நடுவே ராணியைச் செருகிக்கொண்டார்கள். அடுத்த ஆண்டு டிசம்பர் 14 அன்று ஆல்பர்ட் இறந்தபோது, ஒரே வாரத்தில் அவர் படத்துக்கு 70,000 ஆர்டர் வந்ததாகப் புகைப்பட வரலாற்றாசிரியர்கள் எழுதுகிறார்கள். ராணி வீட்டுத் துக்கம் ஊரார் ஆல்பத்துக்கு வந்து சேர்ந்தது. நம் பக்கத்தில் ஒரு காலத்தில் பொங்கல் வாழ்த்து அட்டைக் கடைகளில் எம்.ஜி.ஆரும் சிவாஜியும், பிறகு ரஜினியும் கமலும் வரிசையாகத் தொங்கியதை இங்கே இருக்கிற பெரியவர்கள் மறந்திருக்க மாட்டார்கள். ஆனால் அதில் நட்சத்திரம் தனி ஆள். அவர் மனைவி மக்களோடு உட்கார்ந்து நமக்கு வாழ்த்துச் சொல்லவில்லை. அனுப்பியவரும் ரசிகர்தான், பெற்றவரும் ரசிகர்தான்.

தன் குடும்பத்தையே அட்டையில் நிறுத்தி உலகுக்கு நீட்டுவது வேறு தொழில். அதைத் தொழிலாகவே நடத்திக் காட்டியவர்கள் கலிஃபோர்னியாவின் கர்டாஷியன் குடும்பத்தார்.

தாய் கிரிஸ் ஜென்னர், தொலைக்காட்சி வெளிச்சம் விழுவதற்கு வெகு காலம் முன்பே, பிள்ளைகளுக்கு ஒரே மாதிரி உடை மாட்டி ஆண்டுதோறும் கிறிஸ்துமஸ் படம் எடுத்து நண்பர்களுக்கு அனுப்பிக்கொண்டிருந்தவர். 2007-இல் அவர்கள் வீட்டு வாழ்க்கையே தொலைக்காட்சித் தொடரான பிறகு, நண்பர்களுக்கான அட்டை நாட்டுக்கான அட்டையாயிற்று. 2013-இல் டேவிட் லாஷபெல் என்ற பெயர்பெற்ற புகைப்படக்காரரை வைத்து எடுத்தார்கள். அதில் கிறிஸ்துமஸைத்தான் தேட வேண்டும். மின்னும் விளக்குகள், பொம்மைகள், பத்திரிகை அட்டைகள், பணத்தின் சின்னங்கள் என்று ஒரு பாழடைந்த திருவிழாக் கூடாரம் போல இருந்தது. பெண்கள் எல்லோரும் உண்டு. மருமகன்கள் இல்லை. ஒரே மகன் ராப் இல்லை. கிரிஸைப் பிரிவதாக அந்த அக்டோபரில்தான் அறிவித்திருந்த கணவர், பின்னாளில் கெய்ட்லின் ஜென்னர் ஆனவர், தனியாக ஒரு கண்ணாடிக் குழாய்க்குள் நின்றார். விசாரணைக் கமிஷனுக்கு இதைவிட வேறென்ன வேண்டும்?

2017-இல் அந்தக் குடும்பம் ஒரு காரியம் செய்தது. அதைப் புரிந்துகொண்டால் இந்த விவகாரம் முழுவதும் புரிந்த மாதிரி. டிசம்பர் 1 தொடங்கி தினம் ஒரு படமாக இருபத்தைந்து நாளுக்கு அட்டையைத் தவணை முறையில் வெளியிட்டார்கள். எல்லோருக்கும் நீல ஜீன்ஸ், வெள்ளைச் சட்டை. இன்று ஒருவர், நாளை இருவர். அந்த நேரத்தில் கடைக்குட்டி கைலி கர்ப்பமாக இருப்பதாக ஊரெல்லாம் பேச்சு. அவரோ வாய் திறக்கவில்லை. அக்கா குளோயி தன் கர்ப்பத்தை டிசம்பர் 20 அன்று படம் போட்டு அறிவித்துவிட்டார். அப்படியானால் இருபத்தைந்தாம் நாள் கைலி வருவார், வயிற்றோடு வருவார் என்று லட்சக்கணக்கானவர்கள் காத்திருந்தார்கள். கிறிஸ்துமஸ் அன்று முழுக் குடும்பப் படம் வந்தது. கைலி இல்லை.

அன்றைக்கு எழுந்த கோபத்தைச் சாதாரணமாக நினைக்க வேண்டாம். ஏமாற்றிவிட்டார்கள், இருபத்தைந்து நாள் வீணாய்ப் போச்சு என்று உண்மையாகவே புலம்பினார்கள். யாரும் ஒரு காசு கொடுத்திருக்கவில்லை. யாருடைய வீட்டுக்கும் அந்த அட்டை தபாலில் போகவில்லை. ஆனாலும் தங்களுக்கு வர வேண்டிய ஏதோ ஒன்று வரவில்லை என்ற ஆத்திரம். பிப்ரவரி 1 அன்று கைலிக்குப் பெண் குழந்தை பிறந்தது. மூன்று நாள் கழித்து, பதினொரு நிமிட வீடியோ ஒன்றைப் போட்டு அவரே சொன்னார். கர்ப்ப காலத்தை ஊர் கண்ணில் படாமல் கழிக்க விரும்பியது ஓர் இருபது வயதுப் பெண்ணின் உரிமை என்பதில் சந்தேகமில்லை. ஆனால் இருபத்தைந்து நாள் பந்தி விரித்து, இலை போட்டு, தண்ணீர் தெளித்து உட்கார வைத்தது குடும்பம்தான். பரிமாறாததற்குச் சாப்பிட வந்தவன் கோபித்தால் அவனை மட்டும் குற்றம் சொல்ல முடியுமா? இல்லாத ஆளை வைத்தே ஒரு மாதம் கூட்டம் கூட்டலாம் என்பதை அவர்கள் தெரிந்துகொண்டிருந்தார்கள். கூட்டமும் அதைத் தெரிந்துகொண்டே போய் உட்கார்ந்தது.

இதே வீட்டில் இரண்டு வருடம் கழித்து எதிர்த்திசையில் ஒன்று நடந்தது. 2019-இல் கிம் கர்டாஷியன், கணவர் கான்யே வெஸ்ட், நான்கு குழந்தைகள் மாடிப்படியில் உட்கார்ந்த படம் அட்டையாக வந்தது. அழகான, அமைதியான படம். சில நாள் கழித்து எலன் டிஜெனரஸின் தொலைக்காட்சி நிகழ்ச்சியில் கிம் உண்மையை உடைத்தார். மூத்தவள் நார்த், ஆறு வயது, படம் எடுத்த அன்று அழுது ஆர்ப்பாட்டம் செய்து நிற்கவே மாட்டேன் என்றுவிட்டாளாம். மறுநாள் மனம் மாறினாள். புகைப்படக்காரரை மறுபடி கூப்பிட்டு, அவளைத் தனியாக எடுத்து, கணினியில் படிக்கட்டில் சேர்த்துவிட்டார்கள்.

கேட்டவர்கள் சிரித்தார்கள். யாரும் மோசடி என்று கத்தவில்லை. நமக்கும் இது புதிதில்லை. தாத்தா தவறிப்போன பிறகு பாட்டியோடு சேர்ந்த படம் ஒன்றுகூட இல்லையே என்று ஸ்டூடியோவுக்குப் போய், பழைய சின்னப் படத்திலிருந்து தாத்தாவைக் கொண்டுவந்து பாட்டி பக்கத்தில் உட்காரவைத்து, சட்டம் போட்டுக் கூடத்தில் மாட்டிய வீடுகள் நம் ஊரில் தெருவுக்கு ஒன்று இருக்கும். தாத்தாவின் தோள் ஒரு அளவாகவும் பாட்டியின் தோள் வேறு அளவாகவும் இருப்பதைப் பார்த்து யாரும் பொய் என்று சொன்னதில்லை. ஒட்டியது யார், எதற்காக ஒட்டினார் என்பது பார்ப்பவருக்குத் தெரிந்திருந்தால், ஒட்டு ஒரு குற்றமாகத் தெரிவதில்லை. இதை மனதில் வைத்துக்கொள்ளுங்கள். கொஞ்ச நேரத்தில் திரும்ப வேண்டியிருக்கும்.

அதற்கு முன் அரசியல்வாதிகளை ஒரு நடை பார்த்துவிடலாம். இவர்கள் அட்டைக்கு வரும் எதிர்வினைகளில் பாதி சிரிப்பு. பிரிட்டனின் முன்னாள் பிரதமர் டோனி பிளேர் 2014-இல் மனைவி ஷெரியோடு அனுப்பிய அட்டையில், பல் வலியோடு சிரிக்கிற மாதிரி ஒரு சிரிப்புச் சிரித்து நாடு முழுக்க வாங்கிக்கட்டிக்கொண்டார். அமெரிக்க அதிபராக இருந்த ஜார்ஜ் புஷ் 2005-இல் பதினான்கு லட்சம் அட்டைகள் அனுப்பினார். அதில் 'கிறிஸ்துமஸ்' என்ற சொல் இல்லை, பொதுவாக 'விடுமுறைக் காலம்' என்று இருக்கிறது என்று அவருடைய சொந்தக் கட்சி ஆதரவாளர்களே சண்டைக்கு வந்தார்கள். படத்தில் இருந்தவை அவர் வீட்டு நாய்களும் ஒரு பூனையும். பூனையின் பெயர் இந்தியா. அந்தப் பெயருக்காகக் கேரளத்தில் ஆர்ப்பாட்டம் நடந்தது தனிக்கதை. 2011-இல் ஒபாமா அட்டையில் குடும்பத்துக்குப் பதில் கணப்பு அடுப்பின் முன் படுத்திருக்கும் நாய் போ மட்டும் இருந்தது என்று குடியரசுக் கட்சியின் சாரா பேலின் குறைபட்டார். இங்கேயும் அதே கணக்கு: சொல் இல்லை, குடும்பம் இல்லை, மரம் இல்லை.

ஆனால் 2021 டிசம்பர் 4 அன்று வந்த படத்துக்குச் சிரிக்க முடியவில்லை.

கென்டக்கி மாநிலத்தைச் சேர்ந்த அமெரிக்க நாடாளுமன்ற உறுப்பினர் தாமஸ் மாஸ்ஸி, தன் குடும்பப் படத்தை ட்விட்டரில் போட்டார். பின்னால் கிறிஸ்துமஸ் மரம். முன்னால் ஏழு பேர், புன்னகையோடு. ஏழு பேர் கையிலும் பெரிய பெரிய துப்பாக்கிகள். சாண்டா தாத்தா தோட்டா கொண்டுவர வேண்டும் என்று ஒரு வேண்டுதலும் கூடவே. இது சட்டப்படி குற்றமில்லை. அந்த நாட்டில் துப்பாக்கியோடு கிறிஸ்துமஸ் படம் எடுப்பதும் புதிதில்லை. 2015-இல் நெவாடா மாநில அரசியல்வாதி மிஷெல் ஃபியோரே இப்படி ஓர் அட்டை அனுப்பிப் பேசப்பட்டார். ஆனால் மாஸ்ஸியின் படம் வந்ததற்கு நான்கு நாள் முன்பு, நவம்பர் 30 அன்று, மிஷிகன் மாநிலத்து ஆக்ஸ்ஃபோர்டு உயர்நிலைப் பள்ளியில் ஒரு மாணவன் சுட்டு நான்கு மாணவர்கள் இறந்திருந்தார்கள். அந்த வீடுகளில் அந்த ஆண்டு அட்டை எப்படி இருந்திருக்கும் என்று நினைக்காமல் அந்தப் படத்தைப் பார்க்க யாராலும் முடியவில்லை.

மாஸ்ஸியின் சொந்தக் கட்சிக்காரரான ஆடம் கின்சிங்கரே, தான் துப்பாக்கி உரிமையை ஆதரிப்பவன் என்றும், இது உரிமையைக் காப்பதாகாது, வெறும் மோகம் என்றும் சொன்னார். எல்லா எதிர்வினைகளிலும் நிற்பது ஃப்ரெட் கட்டன்பெர்க் கொடுத்த பதில்தான். 2018 பிப்ரவரி 14 அன்று ஃப்ளோரிடாவின் பார்க்லேண்ட் பள்ளித் துப்பாக்கிச் சூட்டில் மகள் ஜேமியைப் பறிகொடுத்தவர் அவர். குடும்பப் படம் பகிர்ந்துகொள்கிறோம் என்றால் இதோ என்னுடையது என்று இரண்டு படங்களைப் போட்டார். ஒன்று, மகளைத் தான் கடைசியாக எடுத்த படம். மற்றது, அவள் புதைக்கப்பட்ட இடம். விரல் எண்ணுகிறவர்களும், கைலி எங்கே என்று கேட்கிறவர்களும் தேடிய 'இல்லாதது' எல்லாம் இதன் முன் ஒன்றுமில்லை. படத்துக்கு வெளியே நிற்பவரைக் கொண்டுவந்து படத்துக்குள் நிறுத்திவிட்டார் அந்தத் தகப்பன்.

மாஸ்ஸியின் படம் வந்து மூன்று நாள் கழித்துக் கொலராடோவின் நாடாளுமன்ற உறுப்பினர் லாரன் போபெர்ட், தன் நான்கு மகன்களும் துப்பாக்கி ஏந்திய படத்தைப் போட்டு மாஸ்ஸிக்குத் துணை நின்றார். கிறிஸ்து பிறந்த நாளை ஆயுதம் காட்டக் கொண்டாடச் சொன்னது எந்த வசனத்தில் என்று ஜனநாயகக் கட்சியின் அலெக்ஸாண்ட்ரியா ஒகாஸியோ கோர்ட்டெஸ் திருப்பிக் கேட்டார். அதே ஆண்டில் டென்னஸி மாநிலத்து அரசியல்வாதி ஆண்டி ஓகில்ஸும் குடும்பத்தோடு துப்பாக்கிப் படம் எடுத்து அட்டையாக்கியிருந்தார். அப்போது அவரை வெளியூரில் யாருக்கும் தெரியாது. பிறகு நாடாளுமன்றத்துக்குத் தேர்வானார். 2023 மார்ச் 27 அன்று அவருடைய தொகுதிக்குள்ளேயே, நாஷ்வில்லின் கவனென்ட் பள்ளியில் ஒன்பது வயதுக் குழந்தைகள் மூவரும் பெரியவர்கள் மூவரும் சுட்டுக் கொல்லப்பட்டார்கள். அவர் இரங்கல் தெரிவித்த அன்றே பழைய அட்டை பரணிலிருந்து இறங்கிவிட்டது. வருத்தப்படுகிறீர்களா என்று நிருபர்கள் கேட்டார்கள். குடும்பத்தோடு எடுத்த படத்துக்கு எதற்கு வருத்தப்பட வேண்டும் என்றார். முன்பெல்லாம் அட்டை ஜனவரி பாதியில் குப்பைக்குப் போய்விடும். இன்று ஒருமுறை அனுப்பியது எந்த மார்ச் மாதத்திலும் திரும்பி வரும்.

இப்போது வில்லியம் குடும்பத்துக்குத் திரும்பலாம்.

விரல் விவகாரம் முடிந்து மூன்றே மாதம். 2024 ஜனவரியில் வில்லியமின் மனைவி இளவரசி கேட்டுக்கு வயிற்றில் அறுவை சிகிச்சை. அதன்பின் ஆளையே காணோம். என்ன நோய் என்று அரண்மனை சொல்லவில்லை. மார்ச் 10, பிரிட்டனில் அன்னையர் தினம்; குழந்தைகள் மூவரும் சூழ, கேட் சிரித்தபடி உட்கார்ந்திருக்கும் படம் வெளியானது. எடுத்தவர் வில்லியம் என்றது குறிப்பு. இது கிறிஸ்துமஸ் அட்டை இல்லை என்றாலும் அதே குடும்பம், அதே தோரணை, அதே வாழ்த்து. டிசம்பரில் விரல் எண்ணிப் பழகிய கண்கள் தயாராக இருந்தன. ஷார்லட்டின் ஸ்வெட்டர் கைவிளிம்பு மணிக்கட்டருகே பாதியில் கரைந்துபோயிருந்தது. கேட்டின் ஜிப் ஓரிடத்தில் நேர்கோடு தப்பியிருந்தது. விரலில் மோதிரம் இல்லை.

இந்த முறை வம்புக்காரர்கள் சொன்னது சரி. அன்றிரவே ஏபி, ராய்ட்டர்ஸ், ஏஎஃப்பி, கெட்டி ஆகிய செய்தி, பட நிறுவனங்கள் அந்தப் படத்தை யாரும் பயன்படுத்த வேண்டாம் என்று திரும்பப் பெற்றன. பத்திரிகைத் தொழிலில் இது அபூர்வமான தண்டனை. இதற்கு முன் எந்தப் படங்களை இப்படித் திரும்பப் பெற்றீர்கள் என்று கேட்டபோது, ஏஎஃப்பியின் செய்தி இயக்குநர் ஃபில் செட்விண்ட் வட கொரிய, ஈரானிய அரசுச் செய்தி நிறுவனங்களை உதாரணம் காட்டினார். படத்தை வெளியிட்ட கென்சிங்டன் அரண்மனையை இனி நம்பகமான இடமாகக் கருத மாட்டோம் என்றார். மறுநாள் கேட், பல அமெச்சூர் புகைப்படக்காரர்களைப் போலத் தானும் சில சமயம் படத்தைத் திருத்திப் பார்ப்பதுண்டு என்று சொல்லி மன்னிப்புக் கேட்டார். அதோடு விடவில்லை. முந்தைய ஆண்டு அவர் எடுத்ததாக வெளியான, எலிசபெத் ராணி பேரப்பிள்ளைகளோடும் கொள்ளுப்பேரர்களோடும் உட்கார்ந்த படத்தையும் தோண்டி எடுத்தார்கள். அதிலும் கணினிக் கைவேலை இருக்கிறது என்று கெட்டி குறிப்பு எழுதி வைத்தது.

கிம் செய்தபோது சிரித்தவர்கள் கேட் செய்தபோது ஏன் கொதித்தார்கள்? கிம் தன் வாயால் சொன்னார். கேட்டிடம் பிடித்துக் கேட்க வேண்டியிருந்தது. அது முதல் காரணம். பெரிய காரணம் வேறு. இந்தப் படம் வாழ்த்துச் சொல்ல வந்த படமில்லை. 'இளவரசி நலமாக இருக்கிறார்' என்ற சான்றிதழாக வெளியிடப்பட்டது. தாத்தாவைப் பாட்டி பக்கத்தில் ஒட்டுவது பாசம். தாத்தா உயிரோடு இருக்கிறார் என்று காட்ட ஒட்டினால், பேங்க் மேனேஜர் கேள்வி கேட்கத்தான் செய்வார்.

அந்தப் பன்னிரண்டு நாள் கூட்டம் ஆடிய ஆட்டமும் கொஞ்சநஞ்சமில்லை. கேட்டுக்கு என்ன ஆயிற்று என்று ஆளுக்கொரு கதை கட்டினார்கள். தொலைக்காட்சி நகைச்சுவையாளர்கள் ஒரு சுற்று ஓட்டினார்கள். நடிகை பிளேக் லைவ்லி தன் பான விளம்பரத்துக்கே அந்தப் படத்தைக் கிண்டல் செய்து கோணல்மாணலாகத் திருத்திய படம் ஒன்றைப் போட்டார். மார்ச் 22 மாலை, பூத்த தோட்டத்தில் ஒரு பெஞ்சில் தனியாக உட்கார்ந்து, தனக்குப் புற்றுநோய் கண்டறியப்பட்டிருக்கிறது, சிகிச்சை நடக்கிறது, குழந்தைகளுக்குப் புரியும்படி சொல்ல நேரம் தேவைப்பட்டது என்று கேட் வீடியோவில் பேசினார். லைவ்லி வெட்கப்படுவதாகச் சொல்லி மன்னிப்புக் கேட்டார். மற்றவர்கள் பலர் தாங்கள் எழுதியதைச் சத்தமில்லாமல் அழித்தார்கள். சிலர் அப்போதும் அடங்கவில்லை. மோதிரம் ஒரு கணம் மறைகிறது, இந்த வீடியோவே செயற்கை நுண்ணறிவு செய்தது என்றார்கள். ஒரு பொய்க் கைவிளிம்பைப் பார்த்துவிட்ட கண்ணுக்கு உண்மைக் கையும் பொய்யாகவே தெரிந்தது.

அரண்மனையும் கற்றுக்கொண்டது. சிகிச்சை முடிந்ததை அந்தச் செப்டம்பரில் அறிவித்தபோது, வில் வார் என்பவர் நார்ஃபோக்கில் எடுத்த குடும்ப வீடியோ ஒன்றை வெளியிட்டிருந்தார்கள். 2024 டிசம்பர் அட்டைக்குப் புதிதாகப் படம் எடுக்கவில்லை. அந்த வீடியோவிலிருந்தே ஒரு காட்சியை எடுத்துப் போட்டார்கள். ஐந்து பேரும் வெட்டவெளியில் ஒருவரையொருவர் அணைத்து நிற்கிறார்கள்.

இவ்வளவு பேரைப் பற்றிப் பேசியதில் கேட்கப்படாதவர்கள் சிலர் உண்டு. லூயியிடம் விரலைப் பற்றி யாரும் கேட்கவில்லை. துப்பாக்கியோடு நின்ற போபெர்ட்டின் கடைசி மகன் அப்போது தொடக்கப் பள்ளி வயது. மாட்டேன் என்று சொல்லிப் பார்த்தவள் நார்த் ஒருத்திதான். அவளும் மறுநாள் படிக்கட்டுக்கு வந்து சேர்ந்துவிட்டாள்.

ஹென்றி கோலின் அட்டைகளில் மிஞ்சியவை சொற்பம். அவற்றில் ஒன்று, அவர் தன் பாட்டிக்கே அனுப்பியது, 2001-இல் இங்கிலாந்தின் டிவைசஸ் ஊரில் ஏலத்துக்கு வந்து இருபதாயிரம் பவுண்டுக்கு மேல் போனது.  கொடிப்பந்தலின் கீழ் அந்தக் குடும்பம் கிண்ணத்தை உயர்த்திப் பிடித்திருக்கிறது. நடுவில் அந்தக் குழந்தை இன்றைக்கும் குடித்துக்கொண்டிருக்கிறது.